988-ஐ அழைத்தால் வாசலுக்கு யார் வருவார்கள்? வாஷிங்டன் மாநிலச் சட்டங்கள் குறித்த ஓர் இழை

வாசகர் ஒருவர், பாத்தெல்
2025 பிப்ரவரி 11, இரவு 9.40

அமெரிக்காவில் மனநல நெருக்கடிக்கு 988 என்று தனி எண் வந்துவிட்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். என் பார்வையில் அது 911 என்ற பொது அவசர எண்ணுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். அழைத்தால் போலீஸ் வரும், விலங்கு மாட்டும், பிறகு விசாவும் போய்விடும். நம்மவர் வீட்டில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் கதவைச் சாத்திக்கொண்டு நாமே பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

பதில்: தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் (இனி வரும் பதிவுகள் எல்லாம் இவருடையவை)
2025 பிப்ரவரி 11, இரவு 11.15

மாற்றுக் கருத்து இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாள் பார்த்துக்கொண்டவள் நான்.

2016 மார்ச்சில், என்னோடு தங்கியிருந்த என் தம்பி தூக்கத்தை இழந்தான். மைக்ரோவேவின் பிளக்கைப் பிடுங்கினான். கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி ஒட்டினான். பக்கத்து வீட்டார் அதன் வழியாகத் தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்றான். திருநெல்வேலியிலிருந்து அம்மா தினமும் அழைத்தார். அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்று தினமும் பொய் சொன்னேன். ஒன்பதாம் நாள் இரவு அவன் வெறுங்காலோடு பால்கனியில் மழையில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தான். கீழ்வீட்டுக்காரர் 911-ஐ அழைத்துவிட்டார். காவலர்கள் நான்கு பேர், வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி, பூஜை அலமாரிக்கு முன்பாகப் பூட்ஸ் கால்களோடு நடந்து வந்தார்கள். "செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லு அக்கா" என்று அவன் திரும்பத் திரும்பக் கத்தினான். அந்த வீட்டில் அன்று பேசப்பட்டவற்றுள் தெளிவாக இருந்த ஒரே வாக்கியம் அதுதான். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலங்கு மாட்டினார்கள். ஆகவே உங்கள் அச்சம் அடிப்படையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவில் நான் செய்த தவறு உதவிக்கு அழைத்ததன்று. ஒன்பது நாள் அழைக்காமல் இருந்தது. இரண்டாம் நாளிலேயே யாராவது வந்திருந்தால் அவனோடு பேசியிருக்க முடியும். மற்றதை நாளை எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 12, காலை 7.05

988 என்பது 911-க்கு இன்னொரு பெயர் அன்று. 2020 அக்டோபரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் இந்த எண்ணை ஒதுக்கியது. 2022 ஜூலை 16 முதல் அது நாடெங்கும் இயங்குகிறது. ஆனால் அந்தச் சட்டம் எண்ணை மட்டுமே கொடுத்தது. எடுத்துப் பேச ஆள், நேரில் வரக் குழு, கொண்டுபோய் விட ஓர் இடம் ஆகிய மூன்றையும் ஏற்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களின் தலையில் விழுந்தது. வேண்டுமானால் தொலைபேசி இணைப்புகளின் மேல் கட்டணம் விதித்துக்கொள்ளலாம் என்று மட்டும் மாநிலங்களுக்கு அனுமதி தந்தது.

அந்த அனுமதியை முதலில் பயன்படுத்திய மாநிலங்களுள் வாஷிங்டனும் ஒன்று. அப்போது மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் இருந்த டினா ஓர்வால் கொண்டுவந்த 1477 எண் மசோதா 2021 மே மாதம் சட்டமானது. அதே ஆண்டு அக்டோபர் முதல் ஒவ்வோர் இணைப்புக்கும் மாதம் 24 சென்ட், 2023 ஜனவரி முதல் 40 சென்ட். உங்கள் கைப்பேசிப் பில்லை எடுத்து வரிகள் பகுதியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நான்கு இணைப்புகள். மாதம் 1 டாலர் 60 சென்ட், ஆண்டுக்கு 19 டாலர் 20 சென்ட். நீங்களும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பணம் கட்டிய சேவை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

போலீஸ் விஷயம்: 988-க்கு வரும் தொடர்புகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவற்றில்தான் அவசர ஊர்தியோ காவலரோ அனுப்பப்படுகிறார்கள் என்பது கூட்டாட்சி அரசு தரும் கணக்கு. மற்ற எல்லாம் பேச்சிலேயே முடிகின்றன, அல்லது உள்ளூர்க் குழுவிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஆயுதம் கையில் இருக்கிறது, உயிர் போகும் நிலை என்றால் 911 தான். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

2025 பிப்ரவரி 12, இரவு 10.30

காலையில் எழுதியதைப் படித்த ஒருவர், 988-ஐ அழைத்தால் நாம் நிற்கும் ஊரின் மையத்துக்குத்தானே போகும் என்று கேட்டிருக்கிறார். தொடக்கத்தில் அப்படி இல்லை. கைப்பேசி எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தே அழைப்பு திருப்பிவிடப்பட்டது. நம்மில் எத்தனை பேர் சான் ஓசேயில் வாங்கிய 408 எண்ணோடும், டல்லாஸில் வாங்கிய எண்ணோடும் பாத்தெலிலும் ரெட்மண்டிலும் குடியிருக்கிறோம்! அவர்களுடைய அழைப்பு கலிபோர்னியாவுக்கும் டெக்சாஸுக்கும் போனது. 2024 செப்டம்பரில் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் சில, கோபுரத்தின் இடத்தை வைத்துத் திருப்பிவிடத் தொடங்கின. அக்டோபரில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அதை விதியாக்கியது. கோபுரம் என்பது ஏறத்தாழ எந்த வட்டாரம் என்பதைத்தான் காட்டும், வீட்டு முகவரியை அன்று. "கண்டுபிடித்து வந்துவிடுவார்கள்" என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

2025 பிப்ரவரி 15, மாலை 4.20

விருப்பத்துக்கு மாறாகத் தடுத்து வைப்பது குறித்து மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக ஏழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன், வழக்கறிஞர் அல்லேன். அறையில் நின்று பார்த்ததையும் சட்டத்தில் படித்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தில் ஒருவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு உட்படுத்தும் முடிவை மருத்துவரோ காவலரோ குடும்பத்தாரோ எடுக்க முடியாது. அதற்கென்று கவுண்டியால், அதாவது மாவட்ட நிர்வாகத்தால், நியமிக்கப்பட்ட மனநலப் பணியாளர் இருக்கிறார். மருத்துவமனையில் எல்லோரும் டி.சி.ஆர். என்றே சொல்கிறார்கள். அவர் நேரில் பேசிப் பார்த்து, மனநோயின் அல்லது போதைப் பழக்கத்தின் காரணமாக இவர் தமக்கோ பிறருக்கோ பிறர் உடைமைக்கோ தீங்கு செய்யக்கூடிய நிலையில் இருக்கிறாரா, அல்லது உண்ணவும் உடுக்கவும் தம்மைக் காத்துக்கொள்ளவும் இயலாத அளவுக்குச் சிதைந்திருக்கிறாரா என்று தீர்மானிக்க வேண்டும். ஆம் என்றால் 72 மணி நேரம் வைத்திருக்கலாம். அதற்குமேல் என்றால் நீதிபதியின் முன் விசாரணை, அவருக்கென்று வழக்கறிஞர், 14 நாள், பிறகு 90 நாள், பிறகு 180 நாள் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக நிரூபிக்க வேண்டும்.

என் தம்பிக்காக 2016-இல் வந்த அலுவலர் ஒரு நடுவயதுப் பெண்மணி. அவனுடைய தள்ளுகட்டில் அவசரப் பிரிவின் நடைக்கூடத்தில், சலவைத் துணி வண்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அடிப்பாகத்தில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்த மஞ்சள் காலுறை போட்டிருந்தார்கள், மணிக்கட்டில் வார். படுக்கை இல்லாத காரணத்தால் மனநோயாளிகளை அவசரப் பிரிவிலேயே அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று இந்த மாநில உச்சநீதிமன்றம் 2014 ஆகஸ்ட் 7 அன்றே ஒருமனதாகச் சொல்லிவிட்டது. என் தம்பி 2016-இல் அந்த நடைக்கூடத்தில் இரண்டு இரவு கிடந்தான்.

இரண்டாம் இரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டிப் போட்டிருக்காங்களா?" 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு கருகிய 28 பேரைப் பற்றிப் பத்திரிகையில் படித்த தலைமுறை அது. மனநோய் என்றதும் அவர்களுக்குச் சங்கிலிதான் கண்முன் வருகிறது. இல்லை என்றேன். சொல்லும்போது அந்த வாரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

2025 பிப்ரவரி 15, இரவு 8.50

திருத்தம். 72 மணி நேரம் என்று எழுதியது பழைய கணக்கு. 2016-இல் நான் அனுபவித்தது மனத்தில் படிந்துவிட்டது. 2021 ஜனவரி முதல் அது 120 மணி நேரம். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள் கணக்கில் சேரா. வெள்ளி மாலை தடுத்து வைக்கப்பட்டவர் ஒரு வாரம் வரை உள்ளே இருக்க நேரலாம். அவசரமாகப் படிப்பவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 16, காலை 10.10

இப்போது விசா. முதல் பதிவை இட்டவருக்கு நான் நேராகச் சொல்ல விரும்புவது இதுதான்: மனநலச் சிகிச்சையையும் கைதையும் ஒன்றாக்கிப் பார்க்காதீர்கள்.

கட்டாயச் சிகிச்சை என்பது உரிமையியல் (சிவில்) நடவடிக்கை. குற்ற வழக்கு அன்று. அதன் நீதிமன்ற ஆவணங்கள் இரகசியமானவை. கைது என்பது வேறு. இந்த மாநிலத்தில் காவலரைத் தாக்குவது மூன்றாம் நிலைத் தாக்குதல் என்னும் பெருங்குற்றம். மேலும், ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாருள் ஒருவரை இன்னொருவர் கடந்த 4 மணி நேரத்துக்குள் தாக்கினார் என்று நம்பக் காரணம் இருந்தால், காவலர் கைது செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மனைவிமாரைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. ஆனால் மனம் கலங்கிய தம்பி அக்காவைத் தள்ளினாலும் அதே சட்டம் பாயும்.

அன்றிரவு ஒரு காவலர் என்னைத் தனியே அழைத்து, உன்னைத் தள்ளினானா என்று கேட்டார். தள்ளியிருந்தான், சமையலறை மேடையில் இடித்துக்கொண்ட என் முழங்கை நீலம் பாய்ந்திருந்தது. "நான் அவனைப் பிடிக்கப் போனபோது கை பட்டது" என்றேன். அந்தச் சட்டம் அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று நாக்கை அடக்கியது. வேறொரு சொல்லைச் சொல்லியிருந்தால் மருத்துவமனைக்குப் பதிலாகச் சிறைக்குப் போயிருப்பான், வேலை விசாவில் இருந்த அவனுடைய வாழ்க்கை அங்கேயே திசை மாறியிருக்கும் என்பது பின்னால்தான் புரிந்தது. பொய் சொல்லச் சொல்லி யாருக்கும் அறிவுரை கூறவில்லை. அப்படி ஒரு கேள்வி எழாத முறையில் உதவி வரவேண்டும் என்கிறேன். வாசலுக்கு யார் வருகிறார்கள் என்பது நம் போன்ற விசாக்காரர்களுக்கு இரட்டிப்பாக முக்கியம். நீங்கள் அஞ்ச வேண்டியது 988-ஐ அன்று. காலம் கடந்து வேறொருவர் அழைக்கும் 911-ஐ.

2025 பிப்ரவரி 23, பிற்பகல் 2.00

"அப்படியானால் போலீஸே வரக்கூடாது என்று சட்டம் போட்டால் போதுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய அப்படி ஒரு கோடைகாலத்தை இந்த மாநிலம் பார்த்துவிட்டது.

2021-இல் காவலர்கள் எப்போது உடல்வலிமையைப் பயன்படுத்தலாம் என்பதை 1310 எண் சட்டம் கடுமையாக வரையறுத்தது. கேட்டுப் பெற்ற சட்டம் அது. 2017 ஜூனில் சியாட்டிலில், திருட்டு என்று தானே போலீஸை அழைத்த சார்லீனா லைல்ஸ், கருவுற்றிருந்த நிலையில், தன் குழந்தைகள் வீட்டில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்கவில்லை. ஆனால் சட்டம் ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும், குற்றம் நடக்காத இடத்தில் நாங்கள் கை வைக்க முடியாது என்று சொல்லிப் பல காவல் துறைகள் மனநல அழைப்புகளிலிருந்து விலகி நின்றன. டி.சி.ஆர். கையெழுத்திட்ட பிறகும் ஆளை அழைத்துப்போக யாரும் இல்லாத நிலை ஏற்பட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு குடும்பத்துக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்த்தேன். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். காவலர்கள் வந்தார்கள், வாகன நிறுத்தத்தில் 40 நிமிடம் நின்றார்கள், போய்விட்டார்கள். "வந்தவங்க ஏன் போறாங்க?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்கக்கூடாத கேள்வி; அதையும் மொழிபெயர்த்துத்தான் சொன்னேன். பதில் சொல்ல வேண்டிய பக்கத்தில் நெடுநேரம் மௌனம். 2022 மார்ச்சில் 1735 எண் சட்டம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. கட்டாயச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போது, தேவையான நியாயமான அளவுக்கு வலிமையைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக்கியது.

ஆகவே, ஒருவரை வரவேண்டாம் என்று சொல்வதற்கு முன், அவருடைய இடத்தில் நிற்க இன்னொருவரை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 2021-இல் அதன் வரிசை தலைகீழாக இருந்தது.

2025 மார்ச் 2, இரவு 9.25

குடும்பத்தாருக்கு உரிமையே இல்லையா என்ற கேள்விக்கு: உண்டு. 2013-இல் சியாட்டிலில் ஜோயல் ராய்ட்டர் என்ற மென்பொருள் பொறியாளர் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டாயச் சிகிச்சை வேண்டும் என்று அவருடைய பெற்றோரும் நண்பர்களும் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் போராடியதில் 2015-இல் வந்தது ஜோயல் சட்டம். டி.சி.ஆர். மறுத்துவிட்டால், அல்லது கேட்டு 48 மணி நேரமாகியும் எதுவும் செய்யாவிட்டால், குடும்பத்தார் நேராக நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். ஐந்து நீதிமன்ற நாட்களுக்குள் நீதிபதி முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் "குடும்பத்தார்" யார்? கணவன், மனைவி, துணைவர், பிள்ளை, பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தார். மாற்றாந்தாய் முறைகளும் உண்டு. சித்தப்பா இல்லை, மாமா இல்லை, அத்தை மகன் இல்லை, அறைத்தோழன் இல்லை. இந்த ஊரில் நம் பையன்கள் எத்தனை பேர் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டின் மாடி அறையிலும், நான்கு பேராகப் பகிர்ந்த குடியிருப்பிலும் இருக்கிறார்கள்! மனுக் கொடுக்கும் உரிமை உள்ளவர்கள் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உரிமை இல்லை. டி.சி.ஆரை அழைக்க யாருக்கும் தடை இல்லை. அண்டை வீட்டாரும் அழைக்கலாம். நீதிமன்றப் படி மட்டும்தான் பூட்டியிருக்கிறது. இந்தப் பட்டியலை விரிக்கச் சொல்லி நம் சங்கங்கள் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவுக்கு எழுதலாம் என்பது என் வேண்டுகோள். மேலவையில் மனநலச் சட்டங்களைத் தொடர்ந்து எடுத்துச் செல்லும் மங்கா திங்ரா போபாலில் பிறந்தவர். சித்தப்பா என்றால் யார் என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. இந்தச் சட்டங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். வர்ஜீனியாவின் 2020 சட்டத்துக்கு மார்கஸ்-டேவிட் பீட்டர்ஸ். கலிபோர்னியாவின் 2022 சட்டத்துக்கு மைல்ஸ் ஹால். இல்லினாயில் ஸ்டெஃபான் வாட்ஸ். எல்லோருமே காவலர்களின் துப்பாக்கிக்கு இரையானவர்கள், எல்லோருக்கும் பின்னால் சட்டமன்றப் படியேறிய ஒரு தாயோ தந்தையோ சகோதரியோ இருந்தார்கள்.

2025 மார்ச் 9, காலை 8.30

நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விக்கு வருகிறேன்: இப்போது அழைத்தால் என்ன நடக்கும்?

2024 அக்டோபரில் என் தம்பிக்கு மீண்டும் வந்தது. இம்முறை இரண்டாம் நாளே அடையாளம் தெரிந்தது. மைக்ரோவேவின் பிளக் கழன்று கிடந்தது. இரவு 11.20-க்கு 988-ஐ அழைத்தேன். என் எண் 408. என் கைப்பேசி நிறுவனம் அப்போது மாறியிருக்கவில்லை. அழைப்பு கலிபோர்னியாவுக்குப் போனது. அங்கே எடுத்த இளைஞர் பதறாமல், சியாட்டில் அடங்கிய எங்கள் கிங் கவுண்டியின் நெருக்கடித் தொலைபேசியைக் கண்டுபிடித்து இணைத்துவிட்டார். அதற்குள் 20 நிமிடம் போயிற்று. இங்கே பேசிய பெண்மணி, ஆயுதம் உண்டா, மருந்து எதையாவது அளவுக்கு மேல் விழுங்கினானா, முன்பு யாரிடம் சிகிச்சை பெற்றான் என்று கேட்டார். பிறகு, "அவர் வீட்டுக்குள் யாராவது வருவதானால் எதைத் தவிர்க்க வேண்டும்?" என்று கேட்டார். செருப்பு என்றேன்.

நடமாடும் குழு 1.10-க்கு வந்தது. இரண்டு பேர், சாதாரண உடை. ஒருவர் மனநலப் பணியாளர். மற்றவர் தாமும் அந்த நோயைக் கடந்து வந்தவர். வாசலில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்கள். என் தம்பி அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து, அவர்கள் காலுறையைத்தான் முதலில் பார்த்தான். இரண்டாமவர் வரவேற்பறைத் தரையிலேயே உட்கார்ந்து, தனக்குத் தொலைக்காட்சியில் குரல் கேட்டதைப் பற்றி யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து அவனே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

அவன் ஒப்புக்கொண்டதால் நானே கிர்க்லாந்துக்குக் காரில் அழைத்துப் போனேன். அங்கே 2024 ஆகஸ்டில் ஒரு நெருக்கடி மையம் திறந்திருக்கிறது. 2023-இல் திங்ரா கொண்டுவந்த 5120 எண் சட்டம் இத்தகைய மையங்களுக்கு வகுத்த விதி: 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், நடந்து வருபவரையும் காவலர் கொண்டுவருபவரையும் எடுத்துக்கொள்ள வேண்டும், முதலில் அவசரப் பிரிவுக்குப் போய் உடல்நலச் சான்று வாங்கி வா என்று திருப்பி அனுப்பக்கூடாது, ஒருவரை 23 மணி 59 நிமிடம் வரை வைத்துப் பார்க்கலாம். கட்டில் கிடையாது, சாய்ந்து படுக்கும் நாற்காலிகள். போர்வை கொடுத்தார்கள், சூடான சூப் கொடுத்தார்கள். அவன் கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்க யாரும் கட்டல" என்றான். மறுநாள் இரவு 10 மணிக்கு, இரண்டு வார மாத்திரையோடு வீட்டுக்கு வந்தான்.

வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்க்கக் கிடைத்த முதல் நாள்: ஐந்து வாரம் கழித்து. கையில் இருந்ததோ இரண்டு வார மாத்திரை. அந்த இடைவெளியை நான் எப்படி நிரப்பினேன் என்பது வேறு கதை. எத்தனை அலுவலகங்களைத் தொலைபேசியில் கெஞ்சினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சட்டம் இரவைப் பார்த்துக்கொண்டது, விடிந்த பிறகு வந்ததைப் பார்க்கவில்லை என்பது என் குறை.

2025 மார்ச் 10, காலை 6.50

நேற்று எழுதியதன் கடைசி வரியை ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. 2021-இன் அதே 1477 சட்டத்தில், 2023 ஜனவரி முதல் காப்பீட்டு நிறுவனங்கள் அவசர மனநலத் தேவை உள்ளவருக்கு மறுநாளே சந்திப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. மறுநாள்! ஐந்து வாரம் அன்று. தொழிலாலேயே இச்சட்டங்களோடு புழங்கும் எனக்கு இது கண்ணில் படவில்லை. மையத்திலும் யாரும் சொல்லவில்லை. உங்கள் காப்பீட்டு அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்து "next-day appointment" (மறுநாள் சந்திப்பு) என்று அதே சொற்களால் கேளுங்கள்.

2025 மார்ச் 13, இரவு 11.40

அதற்கும் ஒரு திருத்தம், இம்முறை கசப்பானது. தம்பியின் காப்பீட்டை அழைத்துக் கேட்டேன். அவன் வேலை செய்யும் பெரிய நிறுவனம் தன் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தானே ஏற்கிறது. காப்பீட்டு நிறுவனம் கணக்குப் பார்ப்பதோடு சரி. அப்படிப்பட்ட திட்டங்கள் கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்டவை. மாநிலக் காப்பீட்டுச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. நடமாடும் குழு, நெருக்கடி மையம் ஆகியவற்றுக்கு முன் அனுமதி கேட்கக்கூடாது என்று 2022-இல் வந்த 1688 எண் சட்டத்துக்கும் இதே வரம்பு உண்டு. நம்மவர்கள் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் இத்தகைய திட்டங்கள்தான். உங்கள் திட்டம் எந்த வகை என்று மனிதவளப் பிரிவிடம் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி இரவில் கேட்க முடியாது.

2025 மார்ச் 22, மாலை 5.15

தமிழில் பேச முடியுமா என்ற கேள்விக்கு: 988 அழைப்புகளுக்கு 240-க்கும் மேற்பட்ட மொழிகளில் தொலைபேசி மொழிபெயர்ப்பு ஏற்பாடு இருக்கிறது. மொழியின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் என் தொழிலின் மிகக் கடினமான நிமிடங்கள் இங்கேதான் இருக்கின்றன. "செத்துத் தொலையறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்" என்று ஒரு தாய் சொல்கிறார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது தற்கொலை மிரட்டல், டி.சி.ஆரின் பேனா அசையும். நம் வீடுகளில் சோறு ஆறிப்போனாலும் சொல்லும் சொல் அது. மாறாக, "எங்கேயாவது போயிடறேன்" என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னால், ஆங்கிலத்தில் அது பயணம் போல ஒலிக்கும். தமிழ்க் காதுக்கு அடிவயிறு கலங்கும். பெயர்ப்பதுதான் என் கடமை, தீர்ப்புச் சொல்வது அன்று. ஆகவே இரண்டையும் உள்ளபடி பெயர்த்துவிட்டு, "இந்தத் தொடர் எங்கள் மொழியில் வழக்காகவும் வரும், உண்மையாகவும் வரும்; எதுவென்று அவரிடமே கேளுங்கள்" என்று அனுமதி பெற்றுச் சொல்கிறேன். நீங்கள் அழைக்கும்போதும் சொன்ன சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். வழக்கமாக இப்படிப் பேசுபவரா, இன்று குரல் மாறியிருக்கிறதா, பணத்தையும் பொருளையும் பிறருக்குக் கொடுத்துவிடுகிறாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2025 ஏப்ரல் 8, இரவு 10.05

நேற்று, ஏப்ரல் 7-இல், ஒரிகனின் யூஜின் நகரில் கஹூட்ஸ் குழு தன் பணியை நிறுத்திவிட்டது. 1989 முதல் காவலரின்றி, ஒரு மருத்துவப் பணியாளரும் ஒரு நெருக்கடிப் பணியாளருமாக வேனில் சென்று வந்த குழு. நாடெங்கும் இப்படிச் சட்டம் எழுதியவர்கள் அதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். 2021-இல், வருவாய் குறைந்தோருக்கான மெடிக்கெய்ட் என்னும் அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் நடமாடும் குழுக்களுக்கு ஆகும் செலவில் 85 விழுக்காட்டைத் தற்காலிகமாகக் கூட்டாட்சி அரசே ஏற்க வழி வந்ததும் அந்த முன்னுதாரணத்தால்தான். ஒரிகனும் 2023-இல் தன் தொலைபேசிகளுக்கு 40 சென்ட் விதித்தது. அப்படியும் அந்த ஊரில் அந்த வேன் நின்றுவிட்டது.

ஆகவே கிங் கவுண்டியில் 2023 ஏப்ரலில் வாக்காளர் ஒப்புதல் பெற்ற சொத்துவரியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஆண்டான 2024-இல் ஆயிரம் டாலர் மதிப்புக்கு 14.5 சென்ட், பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 145 டாலர். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து மையங்கள். அவற்றுள் ஒன்று இளையோருக்கு. கிர்க்லாந்து அவற்றுள் முதலாவது. மற்ற நான்கும் எங்கே அமையும் என்று கூட்டம் நடக்கும்போது, "எங்கள் தெருவில் வேண்டாம்" என்று எழுந்து பேசுபவர்களுள் நம்மவர்களும் இருப்பதைப் பார்த்தேன். அவர்களிடம் அந்தச் சூப் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் கேட்டார், மற்றவர் கேட்கவில்லை.

2025 ஏப்ரல் 20, பிற்பகல் 3.30

முதல் பதிவை இட்டவர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். அவர் வீட்டில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நெருக்கடி வராதபோது என்ன செய்து வைக்கலாம் என்று கேட்டார். ஒன்று சொல்கிறேன். இந்த மாநிலத்தில் 2003 முதல் மனநல முன்கூட்டிய ஆணை என்று ஓர் ஆவணம் உண்டு. மனம் தெளிவாக இருக்கும்போதே, தெளிவு குலைந்தால் எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் பேசவேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கலாம்.

என் தம்பி நேற்று அதில் கையெழுத்திட்டான். சாட்சிகள் இருவரும் எங்கள் தெருக்காரர்கள். ஒருவர் 2016-இல் 911-ஐ அழைத்த அதே கீழ்வீட்டுக்காரர். சார்பாளர் என்ற இடத்தில் என் பெயரையும் 408 எண்ணையும் எழுதினான். எண்ணை உள்ளூருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பலர் எனக்கு எழுதினீர்கள். அவனுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரே எண் அது, அதனால்தான் மாற்றவில்லை. கூடுதல் விருப்பங்கள் என்ற பகுதியை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு வரி எழுதினான். வீட்டுக்குள் வருபவர்கள் காலணியைக் கழற்ற வேண்டும். அம்மாவிடம் முதல் நாளே உண்மையைச் சொல்ல வேண்டும்.